வழிகாட்டி ஏன் முதலில் வானத்தைப் பார்க்கிறார்

ஆஸ்திரியாவில் வெர்ஃபென் என்ற ஊருக்கு மேலே, டென்னன்கெபிர்கே மலையில் 1,641 மீட்டர் உயரத்தில் ஒரு குகை வாய் இருக்கிறது. அதற்குக் கதவு போட்டிருக்கிறார்கள். கோடையில் வழிகாட்டி அந்தக் கதவைத் திறந்ததும் உள்ளிருந்து குளிர்காற்று சீறிக்கொண்டு வரும். பார்க்க வந்தவர்கள் கையில் பிடித்திருக்கும் கார்பைடு விளக்குகள் பல அங்கேயே அணைந்துபோகும். உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு, மறுபடி ஏற்றிக்கொள்ள வேண்டும். இதுதான் ஐஸ்ரீசன்வெல்ட், பனி அரக்கர்களின் உலகம். மொத்த நீளம் சுமார் 42 கிலோமீட்டர். பொதுமக்கள் பார்ப்பது அதில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கான ஐஸ் பகுதியை மட்டுமே. அதையும் வழிகாட்டி இல்லாமல் பார்க்க முடியாது.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், இந்த மாதிரிக் குகைகளின் பாதிக் கதை வந்துவிடும். மலைக்குள் இருக்கும் குகைக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வாய் இருப்பதில்லை. கீழே ஒன்று, மேலே முகட்டுப் பக்கம் பல விரிசல்கள், குழிகள். ஆக, முழு மலையும் ஒரு புகைபோக்கி மாதிரி வேலை செய்கிறது. கோடையில் குகைக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடக் குளிர்ந்தது, கனமானது. அது கீழ்வாய் வழியாக வழிந்து வெளியேறுகிறது. குளிர்காலத்தில் இது தலைகீழ். உள்ளே இருக்கும் காற்றுதான் அப்போது வெதுவெதுப்பு. அது மேலே ஏறி முகட்டு வழியாகப் போய்விட, காலியான இடத்துக்குக் கீழ்வாய் உறைபனிக் காற்றை உறிஞ்சுகிறது. வாயை ஒட்டிய பாறைச் சுவர்கள் மாதக்கணக்கில் உறைநிலைக்குக் கீழே கிடக்கின்றன. வசந்தத்தில் மேலே பனி உருகி, தண்ணீர் விரிசல் வழியே சொட்டத் தொடங்கும்போது, அந்தச் சுவரைத் தொட்ட மாத்திரத்தில் உறைந்துவிடுகிறது. கோடையில் நாம் பார்க்கும் ஐஸ் தூண், கோடை வருவதற்குச் சற்று முன்னால் வளர்ந்தது.

காற்று, பனி, உருகும் நீர். மூன்றுமே குகைக்கு வெளியே தீர்மானமாகிற விஷயங்கள் என்பதைக் கவனியுங்கள். மலைமுகட்டுக் குகைக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டியின் தொழிலில் முக்கால் பங்கு இதைப் புரிந்துகொள்வதுதான். இருட்டையும் இடுக்கையும் கண்டுதான் வருபவர்கள் பயப்படுகிறார்கள். வழிகாட்டி பயப்படுவது மேகத்தைக் கண்டு.

முதலில், இத்தனை உயரத்தில் குகை எப்படி வந்தது? சுண்ணாம்புக்கல் கடலில் பிறந்த கல். டாக்ஸ்டைன் மலையின் சுண்ணாம்புக்கல், இருபது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், ட்ரயாசிக் காலத்து வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் படிந்தது. அதில் மெகலோடான் என்ற தடித்த சிப்பிகள் புதைந்திருக்கின்றன. பாறை தேய்ந்து அவற்றின் குறுக்குவெட்டு தெரியும் இடங்களில், மாடு குளம்பு பதித்துப் போன தடம் போலவே இருக்கும். உள்ளூர்க்காரர்கள் அவற்றுக்கு வைத்த பெயரும் மாட்டுத்தடம்தான். அந்தக் கடல்தரைதான் ஆல்ப்ஸ் எழுந்தபோது மேலே தூக்கப்பட்டது.

மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மிக லேசான அமிலமாகிறது. அது சுண்ணாம்புக்கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். படிக்காத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. விரிசலுக்குள் இறங்கும் நீர் சில மீட்டருக்குள்ளேயே தன்னால் கரைக்க முடிந்த சுண்ணாம்பையெல்லாம் கரைத்து வயிறு நிரம்பிவிட வேண்டும். அப்படியானால் மலையின் ஆழத்தில் இருக்கும் பெரும் சுரங்கங்களைக் கரைத்தது யார்? சுவிட்சர்லாந்தின் ஆல்ஃப்ரெட் பியோக்லி 1960-களில் இதற்கு ஓர் அழகான பதில் சொன்னார். வயிறு நிரம்பிய இரண்டு நீரோட்டங்கள், ஆனால் அவற்றில் இருக்கும் வாயுவின் அளவு வேறு வேறு. இரண்டும் ஓரிடத்தில் கலந்தால், கலவைக்கு மறுபடி பசி எடுக்கிறது. விரிசலும் விரிசலும் சந்திக்கும் ஆழத்தில் பாறை மீண்டும் கரையத் தொடங்குகிறது. ஆழத்துக் கரைப்பு முழுவதற்கும் இது ஒன்றே காரணமில்லை என்றாலும், குகையியலில் பியோக்லியின் பெயர் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவர் பெயர் இந்தக் கட்டுரையில் இன்னொரு முறை வரும், வேறொரு காரணத்துக்காக.

குகையின் வடிவத்திலேயே அதன் வரலாறு எழுதியிருக்கும். நீர் கூரைவரை நிரம்பி ஓடிய காலத்தில் பாறை எல்லாப் பக்கமும் சமமாகக் கரையும், வழி உருண்டையான குழாயாக இருக்கும். பள்ளத்தாக்கு ஆழமாகி நீர்மட்டம் இறங்கிய பிறகு, ஓடை தரையை மட்டும் அரிக்கும். உருண்டைக் குழாயின் அடியில் ஒரு குறுகிய வெட்டு விழும். முன்னால் நின்று பார்த்தால் பழைய பூட்டின் சாவித்துவாரம் மாதிரியே இருக்கும். ஐஸ்ரீசன்வெல்ட் போன்ற பெரிய மாடங்கள் பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரம் மீட்டர் உயரத்தில் வறண்டு கிடப்பதற்கு இதுதான் விளக்கம். ஒரு காலத்தில் பள்ளத்தாக்கே அந்த உயரத்தில் இருந்தது. நதி இறங்கிப் போனது, குகை மேலே தங்கிவிட்டது.

இங்கே வருபவர்களில் பலருக்கு ஒரு சின்ன ஏமாற்றம் காத்திருக்கும். கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளும், தரையிலிருந்து முளைத்த தூண்களும் எங்கே என்று தேடுவார்கள். உயர்மலைக் குகைகளில் அவை குறைவு. விழுது வளர நீரில் நிறைய சுண்ணாம்பு வேண்டும், அதற்கு நிறைய கரியமில வாயு வேண்டும், அதைத் தருவது மண்ணும் வேர்களும். முகட்டிலோ மண்ணே கிடையாது. வெறும் பாறை, அதுவும் கத்தி விளிம்பு போல் வரிவரியாக அரிக்கப்பட்ட பாறை. ஆகவே இந்தக் குகைகளின் அழகு வேறு வகை: மழமழவென்று கழுவப்பட்ட குழாய்கள், அடி தெரியாத செங்குத்துக் குழிகள், சில இடங்களில் ஐஸ். என்னைக் கேட்டால், விளக்கொளியில் வண்ணம் பூசிய விழுதுகளைவிட அந்தச் சாவித்துவாரம்தான் நின்று பார்க்க வேண்டிய பொருள்.

சரி, மண் இல்லாததற்கு அழகியல் விளைவு மட்டுமா? ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. மண் என்பது ஒரு பஞ்சு. மழையை உறிஞ்சி வைத்து மெதுவாக விடும். மொட்டைப் பாறையில் அந்தப் பஞ்சு இல்லை. முகட்டில் விழும் மழை ஓடையாக ஓடுவதே இல்லை, விழுந்த இடத்திலேயே விரிசலுக்குள் போய்விடும். பல சதுர கிலோமீட்டர் மழை, சில குழாய்களுக்குள். மேலே இடி இடித்த கொஞ்ச நேரத்திலேயே கீழே ஓடை பொங்கும்.

அந்த நீர் எந்தப் பக்கம் போகும் என்பதையும் மலையின் வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்லிவிட முடியாது. பைரனீஸ் மலையில் அனேட்டோ சிகரத்தின் பனியாறு உருகி வரும் நீர், ட்ரூ டு டோரோ என்ற குழிக்குள் விழுந்து மறைகிறது. அது தெற்கே ஸ்பெயின் பக்கம் எஸேரா ஆற்றில் சேருகிறதா, முகட்டுக்கு அடியில் புகுந்து வடக்கே கரோன் ஆற்றுக்குப் போகிறதா என்று நெடுநாள் வாதம் நடந்தது. 1931-இல் பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் நார்பெர் காஸ்தெரே 60 கிலோ ஃப்ளூரசின் சாயத்தை அந்தக் குழியில் கொட்டினார். முகட்டுக்கு மறுபுறம், ஆரான் பள்ளத்தாக்கின் ஊற்று பச்சை நிறமாகப் பொங்கியது. மத்தியதரைக் கடலுக்குப் போகும் என்று நினைத்த நீர், மலையின் அடிவயிற்றில் நுழைந்து அட்லாண்டிக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகவே ‘மழை அந்தப் பக்கம்தானே பெய்கிறது’ என்ற ஆறுதல் குகைக்குள் செல்லுபடியாகாது.

இனி பியோக்லியிடம் திரும்பலாம். சுவிட்சர்லாந்தின் ஷ்வீஸ் மாநிலத்தில், மூவோட்டா பள்ளத்தாக்கில் ஹோல்லோக் என்ற குகை இருக்கிறது. 1875-இல் உள்ளூர்க்காரர் ஒருவர் முதலில் உள்ளே போய்ப் பார்த்தார். இன்று அளந்த நீளம் 200 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு பெல்ஜிய நிறுவனம் அங்கே படிகளும் மின்விளக்கும் போட்டுச் சுற்றுலாத் தலமாக்கப் பார்த்தது. 1910-இல் வந்த வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. 1952 ஆகஸ்டில் பியோக்லியும் மூன்று தோழர்களும் உள்ளே இருந்தபோது வெளியே கனமழை. திரும்பி வரும் வழியில் தாழ்வான பகுதிகள் கூரைவரை நிரம்பிவிட்டன. குகைக்காரர்கள் இப்படிப்பட்ட இடத்தை சைஃபன் என்பார்கள். நால்வரும் உயரமான மாடம் ஒன்றில் ஏறி உட்கார்ந்து, ஏறத்தாழ பத்து நாள் காத்திருந்தார்கள். நீர் வடிந்த பிறகு நால்வரும் உயிரோடு வந்தார்கள். குகைக்குள் நீர் எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர்கள் அப்போது அதிகம் இல்லை. அவரே மாட்டிக்கொண்டார்.

2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 12 சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் சிக்கியதை உலகமே பார்த்தது. அது ஆல்ப்ஸ் இல்லை, பருவமழை நாடு. ஆனாலும் நடந்தது இதே கதைதான்: நுழையும்போது வறண்டிருந்த தரை, மேலே பெய்த மழை, நடுவில் நிரம்பிய தாழ்வழி.

அதனால்தான் இன்று ஹோல்லோக்கில் பல நாள் வழிகாட்டிப் பயணங்கள் குளிர்காலத்தில் நடக்கின்றன. உள்ளே முகாமிட்டு, அங்கேயே சமைத்து, தூங்கி, அடுத்த நாள் மேலும் உள்ளே போகிற பயணங்கள் அவை. கேட்கும்போது விசித்திரமாக இருக்கும். வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போதா குகைக்குப் போவார்கள்? ஆமாம், உறைந்து கிடப்பதால்தான். முகட்டில் விழுவது பனியாகவே தங்கிவிடுகிறது, உள்ளே இறங்குவதில்லை. குகைக்குள் வெப்பநிலை கோடையோ குளிரோ சுமார் 6 டிகிரிதான், எனவே உள்ளே இருப்பவருக்கு இழப்பொன்றுமில்லை. ஆனால் அங்கும் ஒரு ‘ஆனால்’ உண்டு. ஆல்ப்ஸில் ஃபோன் என்ற வெப்பக்காற்று நடுக்குளிர்காலத்திலும் திடீரென்று வீசி பனியை உருக்கிவிடும். வழிகாட்டி மழை அறிவிப்போடு உறைநிலை எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

முகட்டில் வாய் இருக்கும் குகைகளுக்குக் குளிர்காலத்தில் போய்ச்சேரவே முடியாது. பனிச்சரிவு அபாயம், வாயே பனிக்கடியில் மூடியிருக்கும். அவற்றுக்குக் கோடையும் இலையுதிர்காலத் தொடக்கமும்தான் வழி. கோடையின் முற்பகுதியில் உருகும் பனிக்கு ஒரு தினசரித் தாளம் உண்டு. விடியற்காலையில் நீர் குறைவு. வெயில் ஏற ஏற உருகி, பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்துக்கு வரும். இடிமழையும் மலையில் பெரும்பாலும் பிற்பகல் விருந்தாளிதான். அதனால் வழிகாட்டி அதிகாலையில் கிளப்புகிறார் என்றால் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்று அர்த்தமில்லை.

இன்னொன்று, மலை ஏறிப் பழகியவர்களைக்கூட ஏமாற்றும் விஷயம். சிகரம் ஏறும்போது கஷ்டமான பாதி முதலில் வரும். மூச்சு வாங்கினால் திரும்பிவிடலாம், திரும்பும் வழி இறக்கம். முகட்டுக் குகையில் இது தலைகீழ். வாய் மேலே, பயணம் கீழே. முதல் பாதி சறுக்கிக்கொண்டு இறங்குவது, உற்சாகமாக இருக்கும். களைத்து, நனைந்து, குளிர் ஏறிய பிறகுதான் ஏற்றம் தொடங்கும். ‘இன்னும் கொஞ்சம் போகலாமே’ என்று குழு கேட்கும்போது நல்ல வழிகாட்டி வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பார்: குழுவில் மிகவும் களைத்தவர் யார், அவர் இங்கிருந்து வெளியே ஏற எத்தனை நேரமாகும்?

குளிர் என்றதும் உறைபனியை நினைக்க வேண்டாம். ஆழத்தில் குகையின் வெப்பநிலை அந்த உயரத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியிருக்கும், உயர்மலையில் பெரும்பாலும் சில டிகிரிகள். அதோடு காற்றில் ஈரம் கிட்டத்தட்ட நூறு சதவீதம். நனைந்த துணி காயவே காயாது. பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தவரை வழிகாட்டி வாசலிலேயே மாற்றச் சொல்வார், அதில் சண்டை போட வேண்டியதில்லை. உள்ளே கம்பளியோ செயற்கை இழைத் துணியோ, மேலே கிழியாத முழு உடுப்பு, கையுறை, ஹெல்மெட், ஹெல்மெட்டில் விளக்கு, பையில் இன்னும் இரண்டு விளக்கு. நடந்துகொண்டிருக்கும்வரை உடம்பு சூடாக இருக்கும். ஒருவருக்குக் கயிறு கட்ட மற்ற ஐந்து பேர் நின்று காத்திருக்கும் நேரத்தில்தான் குளிர் பிடிக்கும். குழு சிறியதாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

தவறு நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2014 ஜூன் மாதம் ஓர் அளவுகோலைத் தந்தது. ஜெர்மனியின் பெர்ஷ்டெஸ்காடன் அருகே உண்டர்ஸ்பெர்க் மலையில் ரீசன்டிங் என்ற செங்குத்துக் குகை. சுமார் 1,000 மீட்டர் ஆழத்தில் அனுபவம் மிக்க ஆய்வாளர் ஒருவரின் தலையில் கல் விழுந்தது. செல்போன் பாறைக்குள் வேலை செய்யாது என்பதால், தோழர் ஒருவர் பல மணி நேரம் ஏறி வெளியே வந்துதான் தகவலே சொல்ல முடிந்தது. பல நாடுகளிலிருந்து 700 பேருக்கு மேல் இந்த மீட்பில் ஈடுபட்டார்கள். விபத்து 8-ஆம் தேதி, அவர் வெளிச்சத்தைப் பார்த்தது 19-ஆம் தேதி. அது ஆய்வுப் பயணம், சுற்றுலா இல்லை. வழிகாட்டிப் பயணங்கள் அந்த ஆழத்துக்குக் கிட்டேகூடப் போவதில்லை. இருந்தாலும் விகிதம் புரிகிறதல்லவா? வெளியில் அரை மணி நேரச் சங்கதியாக முடிகிற கணுக்கால் முறிவு, உள்ளே ஒரு முழு நாள் மீட்புப் பணி.

ஆஸ்திரியா இதை முன்பே புரிந்துகொண்ட நாடு. 1928-லேயே இயற்கைக் குகைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டது. அதையொட்டி குகை வழிகாட்டிகளுக்கு அரசுத் தேர்வும் வந்தது. எல்லா நாட்டிலும் இப்படி இல்லை. பல இடங்களில் மலை வழிகாட்டிச் சான்றிதழ் வைத்திருப்பவரே குகைக்கும் கூட்டிப் போகிறார். இரண்டும் ஒரே திறமை இல்லை என்பது என் எண்ணம். பாறை ஏறத் தெரிந்தவருக்கு நீரைப் படிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது. பதிவு செய்யும் முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: ‘கடைசியாக எப்போது, எதற்காகப் பயணத்தை ரத்து செய்தீர்கள்?’ தேதியும் காரணமும் சட்டென்று வந்தால் நல்லது. ‘ரத்தே செய்ததில்லை’ என்று பெருமையாகச் சொன்னால் வேறு ஆளைப் பார்க்கலாம்.

வழிகாட்டி காப்பாற்ற வேண்டியது மனிதர்களை மட்டுமில்லை. வௌவால்கள் குளிர்காலத்தைக் குகைகளில் தூங்கிக் கழிக்கின்றன. ஒவ்வொரு முறை எழுப்பப்படும்போதும் வசந்தம்வரை தாக்குப்பிடிக்கச் சேர்த்துவைத்த கொழுப்பு கரைகிறது. ஜெர்மனியில் வௌவால்கள் குளிர்காலத்தைக் கழிக்கும் குகைகளுக்குள் அக்டோபர் முதல் மார்ச் முடிய நுழையக் கூடாது என்பது பொது விதி. நீரின் கணக்குப்படி பாதுகாப்பான பருவம், வௌவாலின் கணக்குப்படி மூடவேண்டிய பருவம். ஒவ்வொரு குகையும் இதற்கு ஒவ்வொரு விதமாகச் சமாதானம் கண்டிருக்கிறது. ஐஸ் குகைகளின் கவலை வேறு: குளிர்காலம் போதிய அளவு குளிராமல், மேலே பனிக்குப் பதில் மழை பெய்தால், சுவர்களில் குளிர் சேமிப்பு இருக்காது. ஆல்ப்ஸின் பல குகைகளில் நிலத்தடி ஐஸ் குறைந்து வருகிறது.

ஐஸ்ரீசன்வெல்ட்டுக்குள் ஒரு சாம்பல் கலசம் இருக்கிறது. முதல் உலகப் போருக்குச் சற்று முன் அந்தக் குகையை ஆராய்ந்த அலெக்சாண்டர் ஃபான் மோர்க்குடையது. 1914-இல் போரில் இறந்தார். அவர் விருப்பப்படியே சாம்பலை அங்கே வைத்தார்கள். சுற்றுலாக் குழு அதைக் கடந்துதான் போகிறது.

ஆராய்ச்சிக் காலத்திலிருந்து இன்றுவரை மாறாத ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகும் முன், வெளியே இருக்கும் ஒருவரிடம் எந்தக் குகை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த மணிக்குள் செய்தி வராவிட்டால் அவர் மீட்புக் குழுவைக் கூப்பிட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. அதனால் வெளியே வந்ததும் எல்லாரும் புகைப்படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, வழிகாட்டி மட்டும் சேற்றுக் கையோடு செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிக்னல் தேடி முகட்டை நோக்கி நடந்துகொண்டிருப்பார்.